துவக்குக்குப் பொருத்தம் பார்த்த அத்தான்

"மூச்சை விடாதையடா!"

அத்தான் இதைச் சொன்னபோது தானும் மூச்சு விடவில்லை. அதனால் சொல் வாயால் வராமல், சைக்கிள் ரியூபில் காற்றுப் போகிற மாதிரி மூக்கால் வந்தது.

ஒன்ராறியோவில், யூனியன்வில்லில், அவருடைய வீட்டு பேஸ்மென்ற், நிலக்கீழ் அறை. மாசி மாதக் குளிர். மேசையில் ஒரு சின்னத் தராசு. அதன் தட்டு பத்மாக்காவின் தோட்டை விடக் கொஞ்சம்தான் பெரிது. தட்டில் துவக்கில் போட்டுச் சுடுகிற வெடிமருந்து, சாம்பல் நிறத்தில், கடுகை விடச் சின்னத் துணிக்கைகளாக. பத்மாக்கா புருவம் பிடுங்குகிற இடுக்கியால் அத்தான் ஒரு துணிக்கையைத் தூக்கித் தட்டில் போட்டார். முள் அசைந்தது. கூடிப் போயிற்றாம். போட்ட துணிக்கையைத் திரும்பத் தேடி எடுத்தார். ஒரே மாதிரி இருக்கிற அந்தக் கூட்டத்தில் அதே துணிக்கையை எப்படி அடையாளம் கண்டார் என்பது அவருக்கே வெளிச்சம்.

ஹீற்றர் காற்று பட்டால் தராசு ஆடும் என்று ஹீற்றரை நிறுத்தி வைத்திருந்தார். மேலே இருந்து பத்மாக்காவின் குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ! வீடு ஐஸ்பெட்டியாப் போச்சு. ஹீற்றரைப் போடுறியளோ, இல்லாட்டி நான் இறங்கி வரட்டோ?"

"எப்பன் பொறுமப்பா. இன்னும் ஒரு துணிக்கைதான்."

அப்போது நான் தும்மினேன்.

வேண்டுமென்று தும்மவில்லை என்று எழுதினால் என்னைத் தெரிந்த ஒருவரும் நம்பப் போவதில்லை. ஆகவே அதை விடுவோம். மருந்து முழுக்கப் பறந்து அத்தானின் மூக்குக்கண்ணாடியிலும் மீசையிலும் போய் இருந்தது. கழுத்துப் பட்டியிலும் கொஞ்சம். ஓம், கழுத்துப் பட்டி. பேஸ்மென்றிலும் அவர் ரை கட்டித்தான் இருப்பார்.

"அத்தான், இப்ப ஆரும் நெருப்புக்குச்சி கொளுத்தினால் உங்கடை மீசைதான் முதல் வெடிக்கும்," என்றேன்.

ஆர் இந்த அத்தான்?

பத்மாக்கா எனக்கு ஒன்றுவிட்ட அக்கா. அவருடைய கணவர் நடராசா எனக்கு அத்தான். அத்தானைப் பகிடி பண்ணுவது மச்சினனுக்குப் பிறப்புரிமை. என்னுடைய மற்ற உரிமைகள் எல்லாம் இமிக்கிரேசன் அலுவலகத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்த காலம் அது. கையில் இருந்த ஒரே உரிமையை நான் வீணாக்கவில்லை.

அத்தான் எழுபதுகளிலேயே லண்டன் வழியாக இங்கே வந்து, ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் கணக்காளராக இருந்து, வீடும் வாங்கியவர். நான் எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஓடி வந்த கூட்டம். பார்க்டேலில் ஒரு அறையில் பெடியன்களோடு நெருக்கியடித்துப் படுத்து, ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினேன். சனி ஞாயிறில் பத்மாக்காவின் ஆட்டுக்கறிக்காக பஸ் மாறி மாறி யூனியன்வில் போவேன். அந்த நாளில் அங்கே வீடுகளுக்குப் பின்னால் சோளக் காடும் மாட்டுப் பண்ணையும்தான். கறிக்கு வாடகையாக அத்தானுக்கு எடுபிடி வேலை.

நான் ஊரில் குண்டுக்குப் பயந்து ஓடி வந்தவன். அவர் இங்கே நல்ல குண்டு ஒன்றைத் தேடி ஓடிக்கொண்டிருந்தவர். இரண்டு பேரும் ஒரே பேஸ்மென்றில் சந்தித்தோம்.

அவரிடம் இருந்தது ஒரு சின்னத் துவக்கு. சுண்டுவிரல் நுனி கூட நுழையாத குழல். அதை 'ட்ரிபிள்-டூ' என்று சொல்லுவார், சொல்லும்போதே குரல் இறங்கிவிடும். மான் மரைக்கு உதவாது. கீரிக்கும் முயலுக்கும் பிறந்த மாதிரி ஒரு கொழுத்த பிராணி இங்கே வயலில் வளை தோண்டும், கிரவுண்ட்ஹொக் என்று பெயர். அந்த வளையில் மாடு கால் விட்டு முறித்துக்கொள்ளும் என்று பண்ணைக்காரர் இதைச் சுட ஆள் தேடுவார்கள். ஒரு கொழுத்த எலியைச் சுட ஒரு கறவை மாட்டின் விலையில் சாமான் வாங்குகிற மனிதர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை.

துவக்கை நான் தொடவே மாட்டேன். என் கேஸ் முடியவில்லை. 'அகதி, துவக்கோடு' என்று ஒரு படம் எங்கேயாவது வந்தால் என் கதி என்ன? தாள் பிடிப்பேன், பெட்டி தூக்குவேன், பிடி இழுப்பேன். அவ்வளவுதான்.

இடியப்ப உரல்

கடையில் தோட்டா விற்கிறார்கள். பெட்டியை உடைத்துத் துவக்கில் போட்டுச் சுட வேண்டியதுதான். இதை நான் சொன்னபோது, சோற்றுக்குப் பதிலாக வைக்கோல் தின்னச் சொன்ன மாதிரி அத்தான் என்னைப் பார்த்தார்.

"கடைத் தோட்டா எல்லாத் துவக்குக்கும் பொதுவாய்ச் செய்யிறதடா. என்ரை துவக்குக்கு எண்டு செய்யிறேல்லை."

"உங்கடை சப்பாத்தும் கடைச் சப்பாத்துத்தானே அத்தான்? நடக்கிறியள்தானே?"

"உனக்கு உது விளங்காது. நீ ஓ-லெவலே ஒழுங்காய் எடுக்காதவன்."

உண்மைதான். கணக்கில் விழுந்தேன், விஞ்ஞானத்தில் விழுந்தேன், மூன்றாம் தடவை போகவில்லை. ஆனால் நாலு பாடத்தில் திறமைச் சித்தி எடுத்த ஒருவர் குளிரில் இருந்து மருந்துத் துணிக்கை எண்ணுவதைப் பார்த்தபின் எனக்கு ஒரு கவலையும் இல்லை.

வேலை இதுதான். சுட்டு வெறுமையான பித்தளைக் கோதை எடுத்துத் துடைத்து, அடியில், தட்டினால் நெருப்புப் பொறி விடுகிற, பொட்டு மாதிரி ஒரு புதுக் கப்பை அமத்தி, உள்ளே மருந்தை அளந்து ஊற்றி, வாயில் குண்டை வைத்து இறுக்க வேண்டும். இறுக்குவதற்கு மேசையில் பூட்டிய ஒரு இயந்திரம். பிடியை மேலே தூக்கிக் கீழே இழுக்க வேண்டும். பார்த்த உடனேயே நான் அதற்கு இடியப்ப உரல் என்று பெயர் வைத்துவிட்டேன். பத்மாக்காவும் அப்படியே சொல்லத் தொடங்கினார்.

"இடியப்ப உரலடியிலை நிக்கிறார்," என்று ரெலிபோனில் சொல்லுவார். மற்றப் பக்கத்தில் இருக்கிற அன்ரிமார் என்ன நல்ல புருசன் என்று நினைத்திருப்பார்கள்.

சாதகப் பொருத்தம்

ஒவ்வொரு குழலுக்கும் ஒரு குண்டுதான் பிடிக்குமாம். எடை, நீளம், மூக்கின் வடிவம், பின்பக்கத்தின் வடிவம், எல்லாம் பொருந்த வேண்டுமாம். அத்தானின் பேச்சில் இதைக் கேட்டால் துவக்குக்குக் கலியாணம் பேசுகிறார் என்றுதான் எண்ணத் தோன்றும். அப்படியே நடந்தும் கொண்டார்.

முதலில் ஐம்பத்தைந்து கிரெயின் எடையில் குண்டு வந்தது. கூரான மூக்கு. நூறு யார்ட் தள்ளி வைத்த குறித் தாளில் ஐந்து ஓட்டை, ஐந்தும் ஐந்து ஊரில். பொருந்தவில்லை. பிறகு ஐம்பது கிரெயின், ஈய மூக்கு. நாலு ஓட்டை சகோதரம் மாதிரிக் கிட்டக் கிட்ட இருக்கும், ஐந்தாவது மட்டும் வெளிநாடு போய்விடும். அதுவும் தட்டிப்போயிற்று. பிறகு பின்பக்கம் படகு மாதிரிக் குறுகின ஒரு வகை. அதைப் பற்றி ஒரு சஞ்சிகையில் எழுதியிருந்ததாம். எழுதின மனிதர் தன்னுடைய துவக்குக்கு எழுதினார், அத்தானுடையதற்கு அல்ல. தாளில் இரண்டு ஓட்டைதான் விழுந்தது. மற்ற மூன்றும் எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியாது. ஒன்ராறியோவில் எங்கோ இருக்கின்றன.

"குண்டிலை பிழை," என்பார் அத்தான்.

"மாப்பிள்ளையிலை பிழை இருக்கேலாதோ?"

"குழல் நல்ல குழலடா."

"நான் குழலைச் சொல்லேல்லை அத்தான். கதிரையிலை இருந்து சுடுறவரைச் சொல்லுறன்."

அன்று எனக்கு ஆட்டுக்கறியில் எலும்புதான் வந்தது.

இந்த இடத்தில் என்னுடைய சொந்தக்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். வன்னியில் என் தாய்மாமன் ஒருவர் கட்டுத்துவக்கு வைத்திருந்தார். மருந்தைக் கையால் அள்ளிப் போட்டு, தேங்காய்த் தும்பை அடைத்து, சைக்கிள் சில்லில் இருந்து கழற்றின இரும்புக் குண்டுகளைக் கொட்டி, கம்பியால் இடிப்பார். அளவா? உள்ளங்கைதான் அளவு. அவர் பெரிய வேட்டைக்காரர் என்று பெயர். அவர் வாழ்க்கையில் நான் அறிய விழுத்தின ஒரே பொருள் பக்கத்து வளவுத் தண்ணீர்ப் பீப்பா. ஆனால் மாமா ஒரு நாளும் குண்டைக் குறை சொன்னதில்லை. பீப்பா அந்த இடத்தில் நின்றது பிழை என்றார். அந்த விதத்தில் மாமா நேர்மையானவர்.

வாங்குக்குக் கீழே

முதல் தடவை சுடுகிற இடத்துக்கு அத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனதையும் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதை விட நானே சொல்வது நல்லது.

நீளமான ஒரு கொட்டகை. வரிசையாக வாங்குகள், இருந்து சுடுகிற பெஞ்சுகள். தூரத்தில் மண்மேடு, அதன் முன்னால் தாள். வெள்ளைக்காரர்கள் காதுக்கு மூடி போட்டுக்கொண்டு, கோப்பி குடித்துக்கொண்டு, கோயில் திருவிழாவுக்கு வந்தவர்கள் மாதிரிச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வாங்கில் ஒருவர் சுட்டார்.

அடுத்ததாக எனக்கு நினைவு இருப்பது புல். வாய்க்குள் புல். நான் வாங்குக்குக் கீழே முகம் குப்புறக் கிடந்தேன். கையில் இருந்த கோப்பி என் முதுகில் கிடந்தது. நான் விழ நினைக்கவில்லை. உடம்பு தானே முடிவு எடுத்துவிட்டது.

அத்தான் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அந்த வெள்ளைக்காரர்களுக்கு இங்கிலிசில் விளக்கம் சொன்னார். நான் புதிதாக வந்தவன், கொஞ்சம் கூச்ச சுபாவம் என்று.

கூச்ச சுபாவம்! ஊரில் எங்கள் சந்திக்கு வந்த குண்டுகளை ஒருவரும் தராசில் நிறுத்துப் பார்க்கவில்லை. படகு மாதிரியா தட்டையா என்று கேட்கவில்லை. அவை எல்லாம் போக வேண்டிய இடத்துக்கு, சில வேளை போகக் கூடாத இடத்துக்கும், ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. அத்தான் அந்தச் சத்தத்தை ஊரில் இருந்து ஒரு நாளும் கேட்டதில்லை. அதனால்தான் அவருக்கு அது பொழுதுபோக்கு.

புல்லைத் துப்பிவிட்டு எழும்பி, "அத்தான், ஐந்து சதம் ஒண்டு கீழை விழுந்து கிடந்தது, அதுதான் பார்த்தனான்," என்றேன்.

கதிரை

இவ்வளவு பாடும் ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். காரில் போகும்போது ஒரு நாள், என்னைப் பார்க்காமல் றோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"வேலையிலை மத்தியானம் எல்லாரும் ஒரு மேசையிலைதான்ரா சாப்பிடுவினம். ரோய் எண்டு என்ரை மனேச்சர், அவரும் அவற்றை கூட்டாளியளும். முழுக்க உந்தக் கிரவுண்ட்ஹொக் கதைதான். நான் வந்த நாள் துவக்கம் யன்னலோரத்திலை தனிய இருந்து புட்டுத் தின்னுறன். ஒருத்தரும் என்னைக் கேவலமாய் நடத்தேல்லை. ஒருத்தரும் ஒரு கதிரையை இழுத்துப் போடவும் இல்லை."

"அப்ப ஒரு கதிரைக்கோ இவ்வளவும்?"

"வாயை மூடிக்கொண்டு வா."

ரோய்தான் அத்தான் சுடப் போகிற அந்தத் துவக்குக் கிளப்புக்குச் செயலாளர். அத்தான் இன்னும் மெம்பர் ஆகாமல், ஒரு வருசத் தவணையில்தான் உள்ளே விடப்பட்டிருந்தார். ஒக்ரோபரில் சோதனை. நூறு யார்டில் ஐந்து வெடி, ஐந்து ஓட்டையும் ஒரு குவாட்டர், இருபத்தைந்து சதக் காசால் மறைய வேண்டும். அப்படிச் சுடக் கூடியவரைத்தான் பண்ணைகளுக்கு அனுப்புவார்கள். காயப்பட்ட பிராணி வளைக்குள் போய்க் கிடந்து சாவது பண்ணைக்காரருக்குப் பிடிக்காது. சோதனையில் தவறினால் வணக்கம் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அது போதாதென்று அத்தான் தன் தலையில் தானே மண்ணும் அள்ளிப் போட்டிருந்தார். ஸ்கார்புரோவில் ஒரு பிறந்தநாள் விழா. கேக் வெட்டி முடிந்து ஆண்கள் எல்லாம் ஒரு பக்கத்தில். சிவபாதம் அங்கிள் என்று ஒருவர், ரியல் எஸ்ரேற் செய்கிறவர், அத்தானைச் சீண்டாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"என்ன ஐசே நடராசா, வெள்ளையளின்ரை துவக்குக் கிளப்பிலை நிக்கிறீராம். என்ன, கணக்கு எழுதுறீரோ?"

"மெம்பர் ஐசே. மெம்பர்," என்றார் அத்தான்.

எல்லாரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். வாயில் இருந்த ரோல்ஸ் எனக்குப் புரையேறிவிட்டது.

பொருந்தி வந்தது

ஆவணி கடைசியில் அது நடந்தது. ஐம்பத்திரண்டு கிரெயின், பின்பக்கம் தட்டை, மூக்கில் ஊசி முனையளவு ஓட்டை. அத்தான் குண்டைக் கோதுக்குள் வழக்கத்தை விட மயிரளவு குறைவாக அமத்தச் சொன்னார். நான் உரலின் பிடியை இழுத்தேன். அடுத்த நாள் காலையில் சுடுகிற இடத்தில் வேறு ஒருவரும் இல்லை. ஐந்து வெடி வைத்தார். நான் போய்த் தாளைக் கழற்றிக்கொண்டு வந்தேன்.

ஒரே ஓட்டை. விளிம்பு மட்டும் கொஞ்சம் கடித்த பிஸ்கட் மாதிரி.

அத்தான் தாளை முத்தமிட்டார். நான் சும்மா எழுதவில்லை, சத்தம் கேட்டது. அதை மடித்துப் பேர்ஸில் பத்மாக்காவின் படத்துக்கு முன்னால் வைத்தார். அன்று பின்னேரமே காற்றாடியை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, வேர்த்து விறுவிறுத்து அதே மாதிரி ஒரு பெட்டி தோட்டா செய்தோம். என்னைத் தும்ம விடாமல் மூக்கில் துணி கட்டிவிட்டார்.

கல்குலேற்றரை வையுங்கோ

நவராத்திரி வந்தது. பத்மாக்கா வீட்டு மேல் அறையில் கும்பம் வைத்துப் பூசை. ஆயுத பூசை வெள்ளிக்கிழமை விழுந்தது. கிளப் சோதனை ஞாயிற்றுக்கிழமை. ஒரு மோதலும் இல்லை. அத்தான் துவக்கின் சுடுகிற பாகத்தைக் கழற்றிவிட்டு, மிச்சத் துவக்கை ஒரு பட்டுத் துணியில் சுற்றி, தோட்டாப் பெட்டியோடு கொண்டு வந்தார்.

"உதென்ன?" என்றார் பத்மாக்கா.

"ஆயுத பூசையெல்லோ. ஆயுதத்தை வைக்க வேண்டாமே?"

"தொழில் செய்யிற சாமானைத்தான் வைக்கிறது. உங்கடை தொழில் கணக்கு. கல்குலேற்றரை வையுங்கோ."

"அதையும் வைக்கிறன். இதையும் வைப்பம். அம்பாளின்ரை கையிலை மட்டும் என்ன, கரண்டியே இருக்கு?"

பத்மாக்கா யோசித்தார். "சரி, வையுங்கோ. ஆனால் ஒண்டு. வைச்சால் வைச்சதுதான். நாளைக்குப் பின்னேரம் விசயதசமிப் பூசை முடியுமட்டும் ஒருத்தரும் தொடேலாது."

"ஆர் தொடப் போறது!" என்றார் அத்தான், பெரிய ஞானி மாதிரி.

வைத்தார்கள். குழலில் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். கல்குலேற்றருக்கும் ஒரு பொட்டு. எனக்குக் கடலையும் அவலும் கிடைத்தது. கடலையை நான் பாதி கூடத் தின்னவில்லை, ரெலிபோன் அடித்தது.

ரோய். ஞாயிறு முழுக்க மழையும் காற்றுமாம். சோதனையை நாளைக் காலைக்கு மாற்றிவிட்டார்களாம்.

கையை நீட்டினார்

மனிதர் ரெலிபோனை வைத்துவிட்டு நின்ற நிலையைப் பார்க்க வேண்டும். கும்பத்தைப் பார்த்தார். பத்மாக்காவைப் பார்த்தார். பத்மாக்காவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவர் விளக்குக்கு எண்ணெய் விடத் தொடங்கினார்.

"பத்மா..."

"இல்லை."

"நான் இன்னும் ஒண்டும் கேக்கேல்லை."

"கேக்கப் போறது தெரியும். இல்லை."

"ஒரு வருசத்துப் பாடப்பா. அம்பாளுக்கு விளங்கும்."

"அம்பாளுக்கு விளங்குமெண்டால் எடுங்கோவன். நான் மறிக்கேல்லை. எடுத்திட்டுப் போய் கை கால் விளங்காமல் வந்தால் என்னட்டைக் கஞ்சி கேக்காதையுங்கோ."

பத்மாக்கா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். அதுதான் பொல்லாத வேலை. நின்று தடுத்திருந்தால் அத்தான் சண்டை பிடித்து எடுத்திருப்பார். இப்போது அவருக்கும் அம்பாளுக்கும் நடுவில் நான் மட்டும் கடலையோடு.

"எடுங்கோ அத்தான்," என்றேன். "நான் கண்ணை மூடுறன்."

கையை நீட்டினார். விரல் குழலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. லண்டனில் படித்த மனிதர். குண்டின் பின்பக்கம் காற்றை எப்படி வெட்டுகிறது என்று எனக்குப் படம் கீறி விளக்கினவர். கும்பத்து மாவிலை ஒன்று சேர்ட்டில் உரசியது. நெருப்புச் சுட்ட மாதிரிக் கையை இழுத்துக்கொண்டார்.

"நீ எடுத்துத் தாறியோடா?"

"நான் அகதி அத்தான். எனக்கு ஏற்கெனவே ஒரு கேஸ் இருக்கு."

ஹொக்கி ரேப்

காலையில் ரை கட்டிக்கொண்டு, வெறுங்கையோடு போனோம். ரோய் பெரிய வயிறும் சின்னத் தொப்பியுமாக வந்து, நாட், உன் துவக்கு எங்கே என்று இங்கிலிசில் கேட்டார். அங்கே அத்தானுக்கு நாட் என்று பெயர். அத்தான் தொண்டையைச் செருமி, அது சேர்ச்சுக்குப் போயிருக்கிறது என்றார். ரோய், என்னுடையது ஒரு நாளும் போனதில்லை என்று சிரித்தார்.

கிளப்புக்குச் சொந்தமான ஒரு துவக்கை இரவல் கொடுத்தார்கள். பழகுகிற பிள்ளைகள் பாவிக்கிறது. பிடியில் வெடிப்பு, அதன் மேல் ஹொக்கி மட்டைக்குச் சுற்றுகிற ரேப், ஒட்டு நாடா. தோட்டா சாதாரண ஹாட்வெயார் கடைத் தோட்டா, மூலை நசிந்த பெட்டியில். அத்தான் அதைக் கைலேஞ்சியால் பிடித்துத்தான் தூக்கினார்.

"இதாலை என்னத்தைச் சுடுறது?" என்று என்னிடம் தமிழில் சொன்னார். "பார், குண்டு சரிஞ்சு இருக்கு. நான் தவறினால் உதுதான் காரணம். நீ சாட்சி."

"ஓம் அத்தான். நான் சாட்சி."

சாட்சி கிடைத்ததும் ஆள் இளகிவிட்டார். வழக்கமாகக் கன்னத்தைத் துவக்கில் வைத்துத் தேவாரம் பாடி முடிகிற நேரம் எடுப்பார், தோள் இரண்டும் காதைத் தொடும். அன்று தோள் கீழே கிடந்தது. சந்தைக்குப் போய் வேண்டாத மீனைத் தட்டிப் பார்க்கிற மாதிரி ஐந்து தடவை சுட்டுவிட்டு எழும்பினார். நான் வாங்கின் காலைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை நின்றபடியே நின்றேன்.

ரோய் தாளைக் கொண்டு வந்து வாங்கில் விரித்தார். சட்டைப்பையில் இருந்து ஒரு குவாட்டரை எடுத்து வைத்தார். ஒரு ஓட்டையும் தெரியவில்லை. குவாட்டரை எடுத்தார். ஐந்து ஓட்டை. திரும்ப வைத்தார். இல்லை.

ரோய் அத்தானின் முதுகில் ஒரு அடி வைத்தார். மற்றவர்கள் வந்து கை குலுக்கினார்கள். யாரோ ஒருவர் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுக் கோப்பி கொடுத்தார். அத்தான் அந்தக் கதிரையில் இருந்தார். செத்தவீட்டில் இருக்கிற மாதிரி இருந்தார்.

இது என்னுடைய தோட்டா இல்லை என்று ரோயிடம் சொன்னார். ஆருக்குக் கவலை என்று ரோய் கேட்டார்.

ஆருக்குக் கவலை! ஒரு வருசம் பத்மாக்கா குளிரில் விறைத்தார். நான் மூக்கில் துணி கட்டினேன். கடைசியில் ஹாட்வெயார் கடை.

அவ செய்தா

அத்தான் காரைக் கென்னடி றோட்டால் திருப்பினார். பிறகு, "தம்பி," என்றார். என்னைத் தம்பி என்று கூப்பிட்டால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம். "கடைத் தோட்டாவாலை பாஸ் பண்ணினனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதை."

"அப்ப உங்கடை தோட்டாவாலை எண்டு சொல்லட்டோ?"

"ஓம்."

"அது அக்காவுக்கு முன்னாலை கும்பத்தடியிலை கிடக்கு அத்தான். பெட்டியோடை."

அவர் கணக்காளர். கணக்கு உடைந்த இடம் உடனே விளங்கிவிட்டது.

வாசலிலேயே பத்மாக்கா நின்றார். "என்ன மாதிரி?"

"பாஸ்," என்றார் அத்தான், சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தபடி.

பத்மாக்கா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். "பாத்தியளே! தொடாதையுங்கோ எண்டு சொன்னனான்தானே. துவக்கை அவவிட்டை விட்டிட்டுப் போனியள். அவ செய்தா."

அத்தான் வாயைத் திறந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்பாள் செய்யவில்லை என்றால் ஹாட்வெயார் கடைதான் செய்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஐம்பத்திரண்டு கிரெயின், தட்டைப் பின்பக்கம், மயிரளவு குறைய அமத்தினது, அது கணக்கிலேயே இல்லை. மற்றச் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார்.

அடுத்த விருந்தில் சிவபாதம் அங்கிள் கிளப்பைப் பற்றி விசாரித்தபோது அத்தான் மேலே பார்த்து, "எல்லாம் அவவின்ரை செயல் ஐசே," என்றார். சிவபாதம் அங்கிளால் அம்பாளைச் சீண்ட முடியவில்லை. தன்னுடைய 'வீடு விற்பனைக்கு' பலகைகளை அடுத்த வருசம் பூசையில் வைக்கலாமோ என்று பத்மாக்காவிடம் கேட்டார்.

சப்பாத்தைக் கழட்டச் சொல்லுங்கோ

அத்தான் அதற்குப் பிறகு மத்தியானத்தில் பெரிய மேசையில் இருந்துதான் சாப்பிட்டார். புட்டுப் பெட்டியும் அந்த மேசைக்கு வந்துவிட்டது. அங்கே ஒரு நாள் அவர் சேர்ச் கதையை முழுக்கச் சொல்லியிருக்கிறார். அதன் பலன் அடுத்த நவராத்திரிக்கு வந்தது.

ஆயுத பூசையன்று மணி அடித்தது. கதவைத் திறந்தால் ரோயும் கூட்டாளிகள் இரண்டு பேரும். மூன்று பேரின் கையிலும் துவக்கு, போர்வையில் சுற்றி, பிள்ளைத்தாச்சியைக் கூட்டி வந்த மாதிரிப் பக்குவமாக. தங்களுடையதையும் அந்த அம்மாவிடம் ஒரு நாள் வைக்கலாமோ என்று கேட்டார்கள். வேட்டைக் காலம் தொடங்கப் போகிறதாம்.

அத்தானின் முகம் மலர்ந்தது. அவருடைய வீட்டுக்கு வெள்ளைக்காரர் வந்தது அதுதான் முதல் தடவை. வரவேற்புரை ஒன்றே தொடங்கினார். பத்மாக்கா இடையில் வெட்டினார்.

"முதல் சப்பாத்தைக் கழட்டச் சொல்லுங்கோ. கழட்ட வேண்டியதையெல்லாம் துவக்கிலையிருந்தும் கழட்டச் சொல்லுங்கோ."

கழற்றினார்கள். ரோயின் ஒரு கால் மேசின் ஓட்டையால் பெருவிரல் தெரிந்தது.

"இண்டைக்கு இறைச்சி சாப்பிட்டவையோ எண்டு கேளுங்கோ."

அத்தான் மொழிபெயர்த்தார். கூட்டாளிகள் இரண்டு பேரும் இல்லை என்று தலையாட்டினார்கள். ரோய் யோசித்து, காலையில் பன்றி சாப்பிட்டதாக ஒத்துக்கொண்டார்.

"அப்ப அவரைக் குளிச்சிட்டு வரச் சொல்லுங்கோ."

அத்தானின் மனேச்சர், கிளப்பின் செயலாளர், பெரிய வயிற்றோடு படியேறிப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்தினார். அத்தான் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே காவல் நின்றார். நான் படியில் கடலைக் கிண்ணத்தோடு இருந்தேன்.

பிறகு பேர்ஸை எடுத்து, மடித்து மடித்து விளிம்பு கிழிந்துபோன அந்தத் தாளை விரித்தார். கதவின் இடுக்கில் வாயை வைத்து இங்கிலிசில் விளக்கத் தொடங்கினார். ஐம்பத்திரண்டு கிரெயின் என்றார். பின்பக்கம் தட்டை என்றார். எவ்வளவு அமத்துவது என்பதில்தான் விசயம் இருக்கிறது, மயிரளவு, வெறும் மயிரளவு என்றார்.

உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ரோய் பாடிக்கொண்டு குளித்தார்.